எட்டாவது மாடிக்கு மேல் ஒரு டிஷ்

ஏப்ரல் பத்தாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, டெல்லி துவாரகாவில் கனமழை பெய்வதாக ஜெரால்டின் லேப்டாப் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

கையிலிருந்த பிரெட்டைத் தட்டில் போட்டுவிட்டு லிஃப்டில் ஏறினான். எட்டாவது மாடியில் இறங்கி, மொட்டை மாடிக்குப் போகும் படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். டிஷ்ஷின் மேல் ஒரு டபுள் பெட்ஷீட் விரித்திருந்தது. நீலப் பூப்போட்டது. பிழியாமல் போட்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அது டி.வி. பார்ப்பதற்கான டிஷ் அல்ல. பூமத்திய ரேகைக்கு மேலே, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற ஒரு செயற்கைக்கோள் ஓயாமல் ஒரே ஒரு சிக்னலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதில் படம் கிடையாது, பேச்சு கிடையாது. ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும். பீக்கன் என்று பேர். வழியில் மழை குறுக்கிட்டால் அது இளைத்துப்போகும். எவ்வளவு இளைக்கிறது என்று வருஷம் முழுக்க அளந்து வைத்தால், டெல்லி மழை ஒரு சிக்னலில் எவ்வளவைத் தின்னும் என்று சொல்லிவிடலாம்.

ஜெரால்டு வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் கூரையில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. இரண்டாவது கருவி அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஓரிடத்தில் மழை கொட்டும்போது இன்னோரிடத்தில் வானம் வெளுத்திருந்தால், அந்த இடத்தில் சிக்னலை வாங்கிக்கொள்ளலாம். அப்படி எத்தனை தடவை நடக்கும் என்று பார்க்கத்தான் இரண்டு. திட்டத்தின் தலைவி வசுமதி மேடம் இடம் தேடியபோது அவன் தன் குடியிருப்பு சொசைட்டியின் மொட்டை மாடியைச் சொன்னான். மின்சாரமும் சாவியும் பக்கத்திலேயே இருக்கும் என்று காரணம் சொன்னான். வேறு காரணம் இல்லை. அவனுக்கு அப்போது காரணங்கள் தோன்றுவதே நின்றுபோயிருந்தது. அவன் மனைவி எவாஞ்சலின் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கருவியை அவனே கட்டினான். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் சாப்பாட்டு மேஜையில் சால்டரிங் அயர்ன் சூடாகவே இருந்தது. மேஜையில் சாப்பிட வேறு ஆள் இல்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி டிஷ் மேலே ஏறியது. தெற்கே திருப்பி, நிமிர்த்தி, கடுகளவு கடுகளவாக நகர்த்தி, பீக்கனைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. திரையில் அந்தக் கோடு முதன்முதலாக எழுந்தபோது வசுமதி மேடம் போனில் கத்தினார். அவன் "வந்திருச்சு மேடம்" என்றான்.

பெட்ஷீட்டுக்குப் பிறகு சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் பணிவாக ஒரு செய்தி போட்டான். பதினெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மறுநாள் டிஷ்ஷில் ஒரு துண்டு காய்ந்தது. அதற்கு மறுநாள் டிஷ்ஷின் நிழலில் ஒரு தாம்பாளம் மிளகாய். நான்காம் நாள் யாரோ டிஷ் நின்ற குழாயில் கொடிக் கயிற்றைக் கட்டி இழுத்திருந்தார்கள். குழாய் அரை டிகிரி திரும்பிவிட்டது. இரண்டு நாள் பதிவு போயிற்று.

அன்று அலுவலகத்தில் ஒரு போர்டு அடித்து, லேமினேட் செய்து, டிஷ்ஷின் காலில் கட்டினான். ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும்: அபாயம். கதிர்வீச்சு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகே வரக் கூடாது.

அந்த வாசகத்தை அவன் யோசித்து எழுதவில்லை. அக்டோபரில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவுக்கு எதிரே நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தான். கதவில் அப்படித்தான் இருந்தது. விரல்கள் தாமாக அடித்தன.

பெட்ஷீட் நின்றது. துண்டு நின்றது. திரையில் கோடு தரை மாதிரி மட்டமாகக் கிடந்தது. ஐந்து வாரம்.

மே மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், சதாசிவம் கதவைத் தட்டினார். சொசைட்டியின் செயலாளர். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், அதில் பாதி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். சொசைட்டியையும் ஒரு ஃபைல் மாதிரிதான் நடத்துவார்.

"உள்ள வரலாமா? வந்துட்டேன். நீ வாட்ஸப் பாக்கறதில்லையா?"

"மியூட்ல போட்டிருக்கேன் சார்."

"புண்ணியவான். நூத்திப் பதினாலு மெசேஜ். எல்லாம் உன் சத்ரியைப் பத்தி." டிஷ்ஷுக்கு டெல்லியில் சத்ரி என்றுதான் பேர். குடை. "எடுக்கணும்னு இருபத்தோரு பேர் எழுதிக் கொடுத்துட்டா. ஞாயித்துக்கிழமை மீட்டிங்."

ஜெரால்டு மாதங்களை எண்ணினான். ஜூன் கடைசியில் பருவமழை. ஜூலையில் திட்டத்தைப் பரிசீலிக்க ஆட்கள் வருவார்கள். இரண்டு இடத்தின் மழையையும் காட்டாவிட்டால் இரண்டாம் வருஷம் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"அது எதையும் அனுப்பாது சார். வர்றதை வாங்கிக்கும், அவ்வளவுதான். காது மாதிரி."

"இதைத்தானேப்பா நான் நோட் போட்டு உனக்கு பர்மிஷன் வாங்கினேன்! அப்புறம் நீயே ரேடியேஷன்னு போர்டு மாட்டுவியா? காதுல போய் எவனாவது 'ஜாக்கிரதை, கடிக்கும்'னு எழுதி ஒட்டுவானா?"

"துணி போடறாங்கன்னு..."

"துணி போடறாங்கன்னு! எட்டாவது மாடில மது இருக்காளே, பிரசன்னா ஒய்ஃப். ஏழாவது மாசம் அவளுக்கு. சரியா அவ படுக்கற ரூம் மேல நிக்கறது உன் சத்ரி." அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "இன்னொண்ணு. சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியல. அறுநூத்தி ரெண்டாம் நம்பர் ஆன்ட்டி எழுதியிருக்கா. வெச்சவன் வீட்டுலயே ஒரு பொண்ணு வயித்துப் பிள்ளையோட போச்சே, அதுக்கப்புறமுமான்னு."

ஜெரால்டு மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்தது. திருகினான்.

"அப்ப அது இல்லையே சார்."

"எது?"

"டிஷ்."

"எனக்குத் தெரியும்ப்பா. தேதி யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அவர் போனதும் மாடிக்குப் போய்ப் போர்டை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அதுவும் தப்பாகப் போயிற்று. ராத்திரிக்குள் குழுவில் செய்தி ஓடிவிட்டது: போர்டைக் கழற்றிவிட்டான், எதையோ மறைக்கிறான்.

வெள்ளிக்கிழமை மதுவே வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். லிஃப்டில் தலையாட்டும் அளவுக்குத்தான் பழக்கம். வாசலைத் தாண்டாமல் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த போர்டு உண்மையா?"

"பொய்ங்க. துணி காயப்போடாம இருக்கணும்னு நான் எழுதினது."

"அன்னிக்கு எழுதினது பொய். இன்னிக்குச் சொல்றது பொய் இல்லைன்னு நான் எதை வெச்சு நம்பட்டும்?"

கேள்வி நியாயமானது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, "மேல வர்றீங்களா?" என்று கேட்டான். அவள் யோசித்தாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாடியில் தரை சுட்டது. டிஷ்ஷிலிருந்து பத்தடி தள்ளி அவளை நிழலில் நிறுத்தி, திரையைக் காட்டினான். மட்டமான கோடு. பிறகு டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழலின் வாயை உள்ளங்கையால் பொத்தினான். கோடு கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்தது. கையை எடுத்தான். ஏறியது.

"பாத்தீங்களா? வெளியே இருந்துதான் உள்ள வருது. உள்ள இருந்து எதுவும் போகல. கையை வெச்சா நின்னுடுது."

"அப்படின்னா அது இப்ப உங்க கையில விழுந்துச்சு."

"விழுந்துச்சு. எல்லார் மேலயும்தான் விழுது. டிஷ் இல்லேன்னாலும் விழும். டெல்லி பூரா, இந்தியா பூரா. அவ்வளவு லேசு. பிடிக்கிறதுக்கே எனக்கு மூணு நாள் ஆச்சு."

"என் மேலயும்?"

"ஆமாங்க. ஆனா அதுல பயப்பட ஒண்ணும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறுவதைப் பார்த்தான். ஆறுதலாக ஒன்றைச் சொல்லப் போய், இருந்ததைவிடப் பெரிய பயம் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தான். இதுவரை அவளுக்கு மேலே ஒரு டிஷ் மட்டும்தான் இருந்தது. இப்போது வானம் முழுக்க.

"அந்த வாசகம்," என்றாள். "கர்ப்பிணிகள்னு. வேற எதையாவது எழுதியிருக்கலாமே. ஷாக் அடிக்கும்னு எழுதியிருந்தாக்கூடப் போதுமே. ஏன் அதை எழுதினீங்க?"

"எக்ஸ்ரே ரூம் கதவுல இருந்துச்சு."

"எந்த எக்ஸ்ரே ரூம்?"

அவன் சொன்னான். இரண்டு வாக்கியம். அவள் படிகளில் மெதுவாக இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கோட்டைப் பார்த்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் பார்த்தான். மேற்கே ராஜஸ்தான் பக்கம் மேகம் திரள்கிறது என்று வானிலை அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வசுமதி மேடம் கூப்பிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் பெருசா வருது ஜெரால்டு. புழுதியோட ஆந்தி, பின்னாடியே மழை. ரெண்டு டிஷ்ஷும் பீக்கனைப் பிடிச்சபடி லாக்ல இருக்கணும். நான் இங்க ஆபீஸ்லயே உக்காந்திருக்கேன். இந்த சீசனுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு கிடைச்சா நம்ம அதிர்ஷ்டம். அங்க எல்லாம் சரிதானே?"

"பதினோரு மணிக்கு மீட்டிங் மேடம்."

"பேசு. கொஞ்சம் வாயைத் திறந்து பேசு."

மீட்டிங் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெடஸ்டல் ஃபேன். முப்பது முப்பத்தைந்து பேர். பிரசன்னா கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். பேச்செல்லாம் ஹிந்தியில். ஒருவர் செல்போன் டவர் பற்றிப் பேசினார். ஒருவர் தன் மாமனாரின் ரத்தக் கொதிப்பைச் சொன்னார், பிப்ரவரியிலிருந்துதான் ஏறியதாம். "பாயி சாப், பிப்ரவரியிலிருந்துதான் உங்க மச்சினன் உங்க வீட்டுல தங்கியிருக்கான்," என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அறுநூற்று இரண்டாம் நம்பர் ஆன்ட்டி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, ஜெரால்டைப் பார்க்காமல், "பேட்டா, தப்பா எடுத்துக்காதே, உன் வீட்டிலேயே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜெரால்டு எழுந்தான். அவன் ஹிந்தி அரைகுறை. நீண்ட வாக்கியம் வராது.

"என் மனைவி பேர் எவாஞ்சலின். இறந்தது அக்டோபர் பதினேழு. டெங்கு. அப்போது இருபத்திரண்டாவது வாரம். இந்த சத்ரி மேலே போனது பிப்ரவரி ஒன்பது. நடுவில் நூற்றுப் பதினைந்து நாள். போர்டு எழுதியது ஏப்ரலில். அது பொய். நான்தான் எழுதினேன். மன்னிக்க வேண்டும்."

உட்கார்ந்தான். இருபத்திரண்டாவது வாரம் என்பதை அவன் இதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் உள்ளே ஒன்றும் நகரவில்லை. எண்கள் மாதிரித்தான் வெளியே வந்தன.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சதாசிவம் நேரத்தை வீணாக்கவில்லை. "அச்சா, கை தூக்குங்கள். ஜல்தி." செப்டம்பர் கடைசி வரை டிஷ் இருக்கலாம் என்று முடிவாயிற்று. எதிர்த்து நான்கு கை. பிரசன்னா எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

மேடத்துக்கு "பர்மிஷன் கிடைத்துவிட்டது" என்று செய்தி அனுப்பினான். பதிலுக்கு வரிசையாகக் கைதட்டல்கள் வந்தன.

லிஃப்டில் பிரசன்னா கூடவே ஏறினான். குருகிராமில் ஏதோ நிதிக் கம்பெனியில் வேலை. எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன். இன்று தாடி மழிக்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்கண்ணா. நல்லது. நீங்க சொன்னது எனக்குப் புரியுது, நான் சயின்ஸ் படிச்சவன்தான்."

"அவங்க வரலையா?"

"தூங்க வெச்சுட்டு வந்தேன்னு சொல்லணும். தூங்கல. மூணு நாளா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. நேத்து பி.பி. நூத்தி நாப்பத்தெட்டு. இன்னும் ஏறுச்சுன்னா அட்மிட் பண்ணிடலாம்கறார் டாக்டர். ரூம் மாத்திப் படுக்க வெச்சேன். ஊருக்கு அனுப்பலாம்னா இந்த மாசத்துல பிளைட் வேண்டாங்கறாங்க. நானும் எத்தனை தடவைதான் சொல்றது, ஒண்ணும் இல்லடி, கணக்குப்படி பாத்தா ஒண்ணுமே இல்லடின்னு. அவளுக்கே தெரியும்ங்ண்ணா. தெரிஞ்சும் முடியல."

மூன்றாவது மாடி வந்தது. ஜெரால்டு இறங்கினான்.

கணக்குப்படி பார்த்தால். காய்ச்சலின் மூன்றாம் நாள் எவாஞ்சலின் "பயமா இருக்குப்பா" என்றாள். அவள் நர்ஸ். வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். அவன் ஒரு பழைய கவரின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினான். பிளேட்லெட் இப்படி இறங்கும், அஞ்சாம் நாள் இங்க தொடும், அப்புறம் இப்படி ஏறும், நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு இதுதான், நீ சும்மா பயப்படாத. நல்ல கோடு. அவள் அதற்குப் பிறகு பயத்தைப் பற்றி அவனிடம் பேசவில்லை. வேறு யாரிடமும் பேசினாளா என்பது தெரியாது.

மதியம் மூன்று மணி. லேப்டாப்பில் கோடு மட்டமாகக் கிடந்தது. ஜன்னலில் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. வேறு கூரை கிடைக்குமா என்று பார்த்தான். பக்கத்துத் தேவாலயத்தின் பாதிரியாரைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுத்தார், தம்பி, ஜூன்ல கமிட்டி கூடும்போது கேட்டுப் பாக்கலாம் என்றார். டிஷ்ஷை மாடியின் அடுத்த கோடிக்கு நகர்த்தலாமா? அங்கே தண்ணீர்த் தொட்டி தெற்கை மறைக்கும். நகர்த்தினாலும் அவள் தலைக்கு மேல் வானம் அப்படியேதான் இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, அணைத்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அவன் சொன்னால் அவள் நம்ப வேண்டுமே.

நான்கு மணிக்கு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போனான்.

மேற்கே வானம் செங்கல் நிறத்தில் நின்றது. விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு விமானம் இறங்காமல் திரும்பி மேலேறிப் போனது. இன்னும் அரை மணி நேரம். மூன்று நாள் பிடித்து நிறுத்திய கோணம். நான்கு போல்ட்டுகள். முதல் போல்ட் லேசில் அசையவில்லை. கை வழுக்கியது. இப்போதுகூடத் திருப்பி இறுக்கிவிடலாம் என்று ஒவ்வொரு திருகலுக்கும் தோன்றியது. அவன் கேபிளைப் பிடுங்கினான். இனித் தோன்றிப் பயனில்லை.

சத்தம் கேட்டுப் பிரசன்னா வந்தான். கதவருகே நின்று பார்த்தான்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"அந்தப் பக்கம் பிடிங்க. கனம்."

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. பிடித்தான்.

டிஷ் நான்கு அடி அகலம். லிஃப்டில் நுழையாது. படி வழியாகத்தான் இறக்க வேண்டும். பாதிப் படி இறங்கும்போது ஆந்தி அடித்தது. மாடிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மின்சாரம் போயிற்று. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகப் புழுதி உள்ளே புகுந்து மூஞ்சியில் அறைந்தது. எட்டாவது மாடித் திருப்பத்தில் டிஷ்ஷின் விளிம்பு கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. புழுதியின் பின்னாலேயே மழை வந்தது. சரம் சரமாக.

மது கதவைத் திறந்தாள். செல்போன் வெளிச்சம் டிஷ்ஷின் மேல் விழுந்தது.

"கழட்டிட்டீங்களா?"

"ஆமாங்க."

"இருக்கட்டும்னுதானே மீட்டிங்ல சொன்னாங்க?"

"ஆமாங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீ போய்க் கேட்டியா?"

"சத்தியமா இல்லடி. அவராத்தான்."

காற்று திரும்பி, ஜன்னல் வழியாக மழை படிக்கட்டில் கொட்டியது. ஜெரால்டின் கக்கத்தில் கருவியின் பெட்டி இருந்தது. கேபிள் பிடுங்கிய ஓட்டைகள் திறந்து கிடந்தன. அவன் உடம்பால் அதை மறைத்துக்கொண்டான்.

"உள்ள கொண்டு வாங்க. நனையுது பாருங்க," என்றாள் மது.

"மழையில நிக்கத்தான்டி இந்த டிஷ்ஷையே செஞ்சிருக்காங்க," என்றான் பிரசன்னா.

அவள் சிரிக்கவில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். விளிம்பைத் தூக்கி, சாய்த்து, ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் ஹாலில் சுவரோரம் நிறுத்தினார்கள். அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. மது எதிர்க்கோடி நாற்காலியில் போய் உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

"இப்ப அதுல ஏதாவது வருதா?"

"இல்லைங்க. கேபிள் இல்ல."

"ஆனா வந்து விழும். நீங்கதானே சொன்னீங்க."

"விழும்," என்றான். பயப்பட ஒன்றும் இல்லை என்ற அடுத்த வாக்கியம் வாயில் வந்தது. அதைச் சொல்லவில்லை.

போன் அடித்தது. வசுமதி மேடம். அவர் குரலுக்குப் பின்னாலும் மழை இரைந்தது.

"ஜெரால்டு! சிக்னல் இருபத்தஞ்சு டெசிபெல் விழுந்திருக்கு! லாக் விடல, பிடிச்சுட்டு நிக்குது! அங்க எவ்வளவு?"

"இங்க பதிவு இல்ல மேடம்."

"லாக் போச்சா?"

"கழட்டிட்டேன்."

"எதை?"

"டிஷ்ஷை."

"எப்போ?"

"அரை மணி நேரம் முன்னாடி."

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "பர்மிஷன் கிடைச்சதுன்னு மெசேஜ் போட்டியே?"

"கிடைச்சது மேடம்."

"அப்புறம் ஏன்?"

ஜெரால்டு ஹாலைப் பார்த்தான். மது இன்னும் டிஷ்ஷின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரசன்னா அவள் கையில் பி.பி. பார்க்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இங்க ஒருத்தங்க தூங்கல மேடம்," என்றான்.

வசுமதி மேடம் போனை வைக்கவில்லை.